தட்டைத் தலையும் தோட்டத்து வாய்களும்

என் மகளின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருந்ததை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பிற்பாடு எங்கள் செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் குறைந்தது ஏழு பேர் அந்தப் பெருமையைக் கேட்டு வந்தார்கள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்கள் சொன்னதெல்லாம் பிள்ளை கறுப்பு, மூக்கு அப்பன் மூக்கு, தாய்ப்பால் பத்தவில்லை, இவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருடம் செனாவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளுக்கு அங்கே கிடைத்த வேலை, வரிசையாக வரும் கையுறைகளில் ஓட்டை, சுருக்கம், கோணல் பார்த்துப் பொறுக்கிப் போடுவது. கண் அதற்கே பழகிவிட்டது. போதாததற்கு நான் பிறவியிலேயே பயந்தவள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஜாதி. மூன்றாம் மாதம் ஒரு நாள் பாப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டும்போது, அவள் தலையின் பின்பக்கம் என் உள்ளங்கையில் சப்பென்று உட்கார்ந்தது. உருளவில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். வலது காது இடது காதைவிட ஒரு விரல் முன்னால் வந்திருந்தது. வலது நெற்றியும் லேசாகத் துருத்திக்கொண்டு நின்றது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். பார்த்தார், தடவினார், "தலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் என்பதால் தோட்டத்தில் எந்தக் குழந்தைக்குத் தும்மல் வந்தாலும் அவரிடம்தான் தீர்ப்பு. பாப்பாவை மடியில் போட்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இந்த மாதிரி கெடையாது" என்றார்.

அதாவது என் வம்சம்.

"நீ ஒரே பக்கமா பால் கொடுக்கற. அதான். கவலப்படாதலா, நான் அமுக்கி எடுத்துடறேன்."

மறுநாள் காலையிலிருந்து வெந்நீர், நல்லெண்ணெய், இரண்டு உள்ளங்கை. தட்டையாக இல்லாத பக்கத்தைப் பிடித்து அமுக்கினால் தட்டையான பக்கம் பிதுங்கி வரும் என்பது அவர் கணக்கு. பிள்ளையின் தலையை அவர் பலூன் என்று நினைத்துக்கொண்டார். பாப்பா அலறியதுதான் கண்ட பலன். பிறகு கடுகு நிரப்பிய தலையணை வந்தது. நான்காம் நாள் அதன் தையல் விட்டு, கழுத்து மடிப்பிலும் காது மடலிலும் கடுகு பொறுக்கினேன். அத்தோடு கோலா பிலாவில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே மலாய்க்கார மிஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், முதலில் கேட்ட கேள்வியே பிள்ளை எதில் தூங்குகிறது என்பதுதான். ஸ்பிரிங் தொட்டில் என்றேன். கைலித் துணியைக் கம்பிச் சுருளில் மாட்டி உத்தரத்தில் தொங்கவிடுவோமே, அது. மலாய் வீடு, தமிழ் வீடு, எங்கே போனாலும் அதுதான். பிள்ளை சிணுங்கினால் காலால் ஒரு எத்து, அது பாட்டுக்கு அரைமணி நேரம் குதிக்கும். எங்கள் வீட்டில் அது தொங்கியது முன் அறையில். வலது பக்கம் வாசல், வெளிச்சம், தொலைக்காட்சி. இடது பக்கம் வெறும் சுவர். பிள்ளை எந்தப் பக்கம் திரும்பும்?

டாக்டர் வந்து மண்டை எலும்புகள் சேரும் இடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். எலும்பில் கோளாறு இல்லை, கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கிறது, அதனால்தான் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கிறாள், படுத்துப் படுத்து அந்த இடம் தட்டையாகிவிட்டது என்றார். தொட்டிலை நிறுத்தச் சொன்னார். தூங்கும்போது கெட்டிப் படுக்கையில் மல்லாக்க, தலையணை கூடாது. விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து குப்புறப் போட வேண்டும். கழுத்துக்கு உடற்பயிற்சி. தலையை அமுக்கவே கூடாது.

தோட்டத்தில் பிள்ளை பெற்றவள் தொட்டிலைக் கழற்றினால் என்ன ஆகும் என்று டாக்டருக்குத் தெரியாது. ஊரே வந்தது. நான் பெற்றபோது வராதவர்கள்கூட வந்தார்கள்.

"தொட்டில கழட்டிட்டியாமே? கல்லு மாதிரி தரையில போட்டுட்டியாமே?"

"எங்க புள்ளைங்கலாம் தொட்டில்ல வளரல? இப்ப ஒன்னுக்குத் தலை இல்லாம போச்சா?"

தலை இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதை நான் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் கழுத்து இளகியது. இரண்டு பக்கமும் திரும்பினாள். ஆனால் காது பழைய இடத்துக்குப் போகவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அளந்து பார்த்த டாக்டர், விட்டுவிட்டாலும் ஓரளவு தானாகச் சரியாகும், வேண்டுமானால் மண்டையை வடிவுக்குக் கொண்டுவரும் தலைக்கவசம் போடலாம், முடிவு உங்களுடையது என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "போடுவதென்றால் சீக்கிரம் போடுங்கள். மண்டை இப்போதுதான் வேகமாக வளரும். ஒரு வயதுக்கு மேல் அதிகம் பயனில்லை" என்றும் சொல்லிவிட்டார். கேஸ் அடுப்புக்கே திரும்பி வருகிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அன்றிலிருந்து நாள்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் பாப்பாவின் மண்டை கெட்டியாகிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

கைப்பேசியில் அம்மாமார் குழு ஒன்றில் சேர்ந்தேன். பாதிப் பேர் போடாவிட்டால் பாவம் என்றார்கள், பாதிப் பேர் போட்டால் பாவம் என்றார்கள். எல்லாரும் தங்கள் பிள்ளையின் படத்தை நல்ல பக்கமாகத் திருப்பி எடுத்துப் போட்டிருந்தார்கள். வெளியே வந்துவிட்டேன்.

தலைக்கவசம் செய்கிற இடம் கோலாலம்பூரில். காசைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதைப் பேசவே தனியாக ஆள் சேரும். நல்ல சோபா, நல்ல குளிர்சாதனம், சுவர் முழுக்கக் குழந்தைகளின் தலைப் படங்கள், முன்னால் கோணல், பின்னால் உருண்டை. கோணல் படங்களில் குழந்தைகள் அழுதார்கள், உருண்டைப் படங்களில் சிரித்தார்கள். கோணல் தலையோடு ஒரு குழந்தைகூடச் சிரித்ததில்லை போலிருக்கிறது. கையில் கொடுத்த ஏடு ஆங்கிலத்தில். நான் படிப்பது போல் தாளைப் புரட்டினேன். அளவெடுக்கும் பெண் ஆங்கிலத்தில் பேசியதற்கெல்லாம் தலையாட்டினேன். பிறகு வீட்டுக்காரர் வெட்கமில்லாமல் மலாயில் கேட்க, அவளும் வெட்கமில்லாமல் நல்ல மலாயில் பதில் சொன்னாள். முதலிலேயே அப்படிப் பேசியிருந்தால் என்ன கொள்ளை போயிற்று?

ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் போட்டிருக்க வேண்டும். குளிக்க, துடைக்க ஒரு மணி நேரம் கழற்றலாம். தலைத் தோல் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது.

வெள்ளை பிளாஸ்டிக் கூடு, உள்ளே நுரைமெத்தை, பக்கவாட்டில் இழுத்து ஒட்டும் பட்டை. துருத்திய இடத்தில் ஒட்டி உட்காரும், தட்டையான இடத்தில் கொஞ்சம் காலி விட்டிருக்கும். மண்டை காலி இடத்தை நோக்கி வளர வேண்டும், அவ்வளவுதான் வித்தை. நம் ஊர் வெயிலில் முதல் வாரம் பாப்பாவின் தலை வியர்த்து, கழற்றினால் புளித்த தயிர் வாடை அடித்தது. நாலாம் நாள் அவள் அதை மறந்துவிட்டாள். தோட்டம் மறக்கவில்லை.

"ஹெல்மெட்டு வாங்கியாச்சி, மோட்டார் சைக்கிளு எப்ப?"

இதை எனக்கு முதலில் சொன்னவர் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். இரண்டாவது, கோயில் கமிட்டி ஆள் ஒருவர். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் வருகிற பக்கத்து வீட்டுக்காரர். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் அந்தச் சிரிப்பைத் தான்தான் இந்த மாநிலத்திலேயே முதலில் கண்டுபிடித்தது போல, சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். கடைக்காரம்மா மட்டும் ஒரு படி மேலே போனார்.

"ரோட் பிளாக்குல இனி போலீஸ்காரன் புடிக்க மாட்டான் பாரு, ஒம் பொண்ண."

அன்றைக்குப் பாப்பாவுக்கு வயிறு சரியில்லை, எனக்கும் தூக்கமில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு போடாத ஹெல்மெட்ட எம் பொண்ணாச்சும் போடறாளேக்கா" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எனக்கு வெங்காயத்தில் அழுகியதாகப் பார்த்துப் போட்டார்.

இதற்கிடையில் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. பாப்பாவுக்கு எட்டு மாதம். எனக்கு நாலு வருடம் பிள்ளை தங்காமல் இருந்தபோது நாத்தனார் அம்மனுக்கு நேர்ந்திருந்தார், பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கும் அப்பனுக்கும் மொட்டை என்று. அந்த நேர்த்தியைத் தள்ளச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நாலு வருடமும் மற்றவர்கள் என்னை வளைகாப்பு வீடுகளில் எங்கே உட்கார வைப்பது என்று தடுமாறியபோது, என் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தவர் அவர். ஆகவே தலைக்கவசக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரைக்கலாம், கூடு கொஞ்சம் தளரும், தளர்ந்தால் கொண்டு வாருங்கள் என்றாள்.

எனக்குப் பால்குடம். கையில் பிள்ளையைத் தூக்க முடியாது. நாத்தனாரிடம் மூன்று முறை சொன்னேன்.

"எண்ண வேணாம் அண்ணி. பவுடர் வேணாம். கழட்டுனா ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பப் போட்டுடணும்."

"எத்தன வாட்டி சொல்லுவ? நான் என்னா சின்னப் புள்ளையா? எண்ண வேணாம், பவுடர் வேணாம், ஒரு மணி நேரம். போ, போய்க் கொடத்தத் தூக்கு."

ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால் மொட்டை போட்ட ஆண்கள் காவடியோடு போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். தலையில் குடம் இருந்ததால் திரும்ப முடியாது, குனிய முடியாது, நேராக அவர்கள் மண்டைகளைத்தான் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். கண்தான் பழகிய கண்ணாயிற்றே. ஒரு மண்டைகூட உருண்டை இல்லை. மண்டோருக்குப் பின்பக்கம் பலகை வைத்து அறுத்தது போல. கமிட்டிக்காரருக்கு இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். ஒருவருக்கு உச்சி தேங்காய்க் குடுமிபோல் கூம்பி நின்றது. எல்லாம் தொட்டில் தலைகள். இவர்கள்தான் என் வீட்டுக்கு வந்து மோட்டார் எப்போது என்று கேட்டவர்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரர். வலது பின்பக்கம் தட்டை, வலது காது முன்னால். பாப்பாவின் தலையைப் பெரிதாக்கி ஒட்டியது போல் இருந்தது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாதாம்! அம்மன் சந்நிதி வரைக்கும் எனக்குச் சிரிப்பு வந்து பால் தளும்பியது. பக்கத்தில் வந்தவள் அருள் வருகிறது என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

குடத்தை இறக்கிவிட்டு ஓடினேன். கொட்டகையில் நாத்தனார் மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கவசம் ஒழுங்காக மாட்டி, பட்டை நேராக ஒட்டியிருந்தது.

"பாத்தியா? நீ பயப்படுவேன்னு கரெக்ட்டா போட்டுட்டேன். நாப்பது நிமிஷங்கூட ஆவல."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நிம்மதியாக உட்கார்ந்து அன்னதானச் சாப்பாடு சாப்பிட்டேன். இரண்டாம் முறை சாம்பார் கேட்டுக்கூட வாங்கினேன். வாழ்க்கையில் நாம் நிம்மதியாக இருந்த சில மணி நேரங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பின்னால் தெரியவந்தால், மனிதனுக்கு நிம்மதி மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மாலையில் வீட்டுக்கு வந்து கழற்றினேன். கழறவில்லை. இழுத்தபோது பாப்பா வீறிட்டாள். உள்ளே மஞ்சள். மொட்டைத் தலை முழுக்கக் கட்டியாகச் சந்தனம் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே கூட்டை மாட்டியிருக்கிறார். வெயிலில் வெந்து, நுரைமெத்தையில் காய்ந்து, தோலைக் கவ்வியிருந்தது. ஈரத் துணி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். தலை முழுக்கச் செக்கச் செவேல். காதுக்குப் பின்னால் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது.

நாத்தனார் வாசலில் நின்றார்.

"என்னா அண்ணி இது?"

"சந்தனம்."

"ஒன்னும் தடவக் கூடாதுன்னு சொன்னேனே!"

"எங்க சொன்ன? எண்ண வேணாம்ன, பவுடர் வேணாம்ன. சந்தனம் எண்ணையா? பவுடரா?" என்றார். "மொட்ட போட்டுச் சந்தனம் பூசாம எவ விடுவா? பச்ச மண்டையில சூடு ஏறிடாதா? குளிர்ச்சியா இருக்கட்டும்னுதானே ரெண்டு கை பூசுனேன்."

அம்மன் சொன்னதையும் செய்திருக்கிறார், நான் சொன்னதையும் செய்திருக்கிறார். இரண்டையும் ஒரே தலையில் செய்திருக்கிறார்.

கிளினிக்கில் களிம்பு கொடுத்து, புண் ஆறும் வரை கூடு போடக் கூடாது என்றார்கள். பத்து நாள் ஆயிற்று. கோலாலம்பூர்க்காரி கோபத்தில் மலாயை மறந்து தொலைபேசியில் ஆங்கிலத்தில் திட்டினாள். புரியவில்லை என்றாலும் திட்டு திட்டுதான். அந்தப் பத்து நாளில் நான் தூங்கியது குறைவு. மண்டை வளர்கிற நாட்கள் அவை, கூடு சுவரில் ஆணியில் தொங்குகிறது, பிள்ளை கண் அசந்தால் பழக்க தோஷத்தில் தட்டைப் பக்கமே திரும்புகிறது. நான் திருப்புவேன். அவள் திரும்புவாள். திருப்புவேன்.

மூன்றாம் நாள் காலை நாத்தனார் வந்தார். வந்த வேகத்தில் கையைக் கழுவினார். எப்படிக் கழுவுகிறார் என்று நான் பார்ப்பதைப் பார்த்து, சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினார்.

"எந்தப் பக்கம் படக்கூடாது?" என்று கேட்டார்.

காட்டினேன். பிள்ளையைத் தூக்கித் தன் நெஞ்சில் குப்புறப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை அசையவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வரிசையில் யாருக்கும் பழக்கமில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சந்தனம் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே. ஊரில் நடக்காத ஆயிரம் ஆபத்தை யோசிக்கிறவளுக்கு, மொட்டை என்றால் சந்தனம் என்கிற, கண்முன்னால் இருந்த ஒன்று தெரியவில்லை. என் பயத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

புண் ஆறிய பிறகு கூடு தொளதொளத்தது. கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் உள்ளே திண்டு ஒட்டி வாங்கி, பதினோராம் மாதம் வரைக்கும் போட்டோம். கடைசி அளவெடுப்பில் காது ஏறக்குறைய நேராகியிருந்தது. பின்பக்கம் கொஞ்சம் தட்டை பாக்கி. பெருவிரல் வைத்தால் தெரியும், கண்ணால் பார்த்தால் தெரியாது, என் கண்ணைத் தவிர. அளவெடுக்கும் பெண் கணினியில் சிவப்பும் பச்சையுமாகப் படம் காட்டினாள். இன்னொரு கூடு போட்டால் பாக்கியும் போகும், இன்றைக்கே அளவெடுத்துவிடலாம் என்றாள். சுவருக்குப் படமும் வேண்டுமாம்.

ஒரு வருடத்துக்கு முந்தைய நான் என்றால் அவள் வாயை மூடுவதற்குள் சரி என்றிருப்பேன். இந்த முறை மலாயில், சத்தமாக, பக்கத்து சோபாக்காரர்களுக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"போடாவிட்டால் என் மகளுக்கு என்ன ஆகும்?"

அவள் கணினியைப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது, ஆனால் வடிவம் இன்னும் அழகாக இருக்கும் என்றாள். மூளைக்கு? ஒன்றுமில்லை. கண்பார்வைக்கு? ஒன்றுமில்லை. முடி வளர்ந்தால் தட்டை தெரியுமா? தெரியாது. சிரம்பான் டாக்டரும் போன வாரம் இதையேதான் சொல்லியிருந்தார். ஒரே பதிலை இரண்டு பேர் வாயிலிருந்து கேட்டால்தான் எனக்கு இறங்கும்.

"போதும்" என்றேன். படத்துக்கும் மாட்டேன் என்றேன். காடியில் வரும்போது வீட்டுக்காரர் என்னை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் மனதை மாற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். பாதி வழியில் நீலாய் ஊரைத் தாண்டும் வரைக்கும் எனக்கும் அந்த பயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தரையில் விட்டேன். புண் ஆறிய அந்தப் பத்து நாளை விட்டால், ஐந்து மாதத்தில் இப்போதுதான் தலையில் ஒன்றும் இல்லாமல் தரையில் இருக்கிறாள். அவளுக்கு லேசாக இருந்திருக்க வேண்டும். நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தாள், கையை விட்டாள், மல்லாக்க விழுந்தாள். மண்டை சிமெண்டில் பட்ட சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கிறது. நான் தூக்கி நெஞ்சில் போட்டுப் பின்மண்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் ஓடி வந்தார்.

"என்னா ஆச்சுலா? எங்க அந்த ஹெல்மெட்டு?"

"முடிஞ்சிச்சி அண்ணி. கழட்டியாச்சி. இனி வேணாம்."

"வேணாமா?" அவர் இடுப்பில் கை வைத்தார். "நடக்கற புள்ளைக்குப் போய்க் கழட்டுவியா? எவ்ளோ பாதுகாப்பா இருந்துச்சி! படிச்சவன் சொன்னான்னு கழட்டிட்டு வந்துருக்கா. கொண்டா இங்க, போட்டு விடறேன்."

பாப்பா அழுகையை நிறுத்தி அவரை நோக்கிக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டு, வீங்காமல் இருக்க ஒற்றி எடுக்கலாம் என்று ஈரத் துணி எடுக்கப் போனேன்.